ஜேம்ஸ் பார்க்கின்ஸன்

ஒரு வியாதிக்கு ஒருவருடைய பெயரைச் சூட்டிவிட்டால், உலகம் வியாதியை நினைவில் வைத்துக்கொண்டு மனிதரை மறந்துவிடுகிறது. ஜேம்ஸ் பார்க்கின்ஸன் விஷயத்தில் நடந்தது இதுவே. நடுக்குவாத நோய் அவர் பெயரால் உலகெங்கும் வழங்குகிறது. ஆனால் அவர் பொதுஜன உரிமைக்காக ராஜாங்கத்தின் சந்தேகத்துக்கு ஆளானவர் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

லண்டன் நகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் 1755-ம் வருஷம் ஏப்ரல் 11-ந் தேதி அவர் பிறந்தார். தந்தையாரும் வைத்தியரே. மகனும் அத்தொழிலையே மேற்கொண்டு, அவ்வட்டாரத்து ஜனங்களிடையே ஆயுள் முழுவதும் ஊழியம் செய்தார்.

அக்காலத்தில் பார்லிமெண்டுக்கு வோட்டளிக்கும் உரிமை இங்கிலாந்தில் சிறுபான்மையோருக்கே இருந்தது. அதை எல்லா ஆண்களுக்கும் வேண்டி, கைத்தொழிலாளரும் சிறு வியாபாரிகளும் கூடி அமைத்த லண்டன் கரஸ்பாண்டிங் சங்கத்தில் பார்க்கின்ஸன் சேர்ந்தார். கிழ ஹியூபர்ட் என்ற புனைபெயரில் துண்டுப்பிரசுரங்கள் எழுதினார். இரத்தம் சிந்தாமலே புரட்சி செய்யலாம் என்று வற்புறுத்தும் பிரசுரம் ஒன்றை 1794-ல் வெளியிட்டு, அதன் வருமானத்தை ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையிலிருந்தோரின் மனைவி மக்களுக்கென ஒதுக்கினார்.

அவ்வருஷமே, விஷம் தோய்த்த அம்பை ஊதுகுழலால் எய்து ஜார்ஜ் மன்னரைக் கொல்லச் சதி நடந்ததென்று சங்கத்தினர் சிலர் கைதாயினர். பார்க்கின்ஸன் பிரிவி கவுன்ஸில் முன் அழைக்கப்பட்டார். பிரதம மந்திரி பிட்டும் அங்கிருந்தார். தம்மையே குற்றவாளியாக்கும் கேள்விகளுக்குப் பதிலளிக்கக் கட்டாயமில்லை என்ற உறுதியைப் பெற்ற பின்னரே அவர் சாட்சியம் கூறினார். அச்சதி வழக்கு கடைசியில் நிலைக்கவில்லை. ஆயினும் 1795-ல் வந்த அடக்குமுறைச் சட்டங்கள் கிளர்ச்சியை ஒடுக்கின. அவரும் வைத்திய ஆராய்ச்சியிலும், கல்லாய் இறுகிய பூர்வகால ஜீவராசிகளின் ஆராய்ச்சியிலும் கருத்தைச் செலுத்தலானார். 1807-ல் லண்டன் பூகர்ப்ப சாஸ்திர சங்கத்தை ஸ்தாபித்தவர்களில் அவரும் ஒருவர்.

தமது அறுபத்திரண்டாம் வயதில், 1817-ல், நடுக்குவாதம் பற்றிய சிறு நூலை வெளியிட்டார். அதில் கண்ட நோயாளிகள் ஆறே பேர். அவர்களிலும் சிலரை வீதியில்தான் சந்தித்தார். ஓய்விலிருக்கும் கை நடுங்குவதையும், உடல் முன்னே சாய்வதையும், நடை தன்வசமின்றி ஓட்டமாக மாறுவதையும் கண்டு, இவையெல்லாம் ஒரே நோயின் குறிகள் என்று நிர்ணயித்தார். மூளையில் நேரும் கேடு இன்னதென்பதைத் தாம் நிரூபிக்கவில்லை என ஒப்புக்கொண்டு, உடற்கூறு வல்லோர் அதை ஆராயவேண்டுமென்று கேட்டுக்கொண்டார். 1824 டிசம்பரில் காலமானார். பிற்காலத்தில் பாரிஸ் நகரத்து வைத்தியர் ஷார்க்கோ நோய்க்கு அவர் பெயரை இட்டார்.

அவ்வேண்டுகோளை நிறைவேற்ற உழைப்போருக்கு இன்று கங்கைப் பிரதேசத்து மீன் ஒன்று துணைபுரிகிறது. ஒன்றரை அங்குல நீளமும் நீல வரிகளும் உடைய அம்மீனை, கிழக்கிந்தியக் கம்பெனியில் வைத்தியராக இருந்த பிரான்ஸிஸ் ஹாமில்டன் 1822-ல் வெளியான தமது நூலில் வர்ணித்தார். வரிக்குதிரை மீன் என்பது அதன் பெயர். அதன் குஞ்சின் உடல் கண்ணாடிபோல் தெளிந்திருப்பதால், மூளையில் நிகழ்வதை உயிருடனிருக்கும்போதே பூதக்கண்ணாடியால் காணலாம்.

நடுக்குவாதத்தில், டோப்பமின் என்ற பொருளைச் சுரக்கும் மூளை அணுக்கள் அழிகின்றன. அவ்வணுக்களைத் தாக்கும் எம்.பி.டி.பி. என்ற நஞ்சு, 1980-க்குப் பின் கலிபோர்னியாவில் கள்ள மருந்து உட்கொண்ட சிலரிடம் இந்நோயின் குறிகளை உண்டாக்கியதால் வெளிப்பட்டது. அதை நீரில் கலந்தால் மீன்குஞ்சுகளிடத்தும் டோப்பமின் அணுக்கள் குறைகின்றன. நீந்தும் தூரமும் வேகமும் குறைகின்றன. காமிராவால் அதை அளந்து, புதிய மருந்துகளின் பயனைச் சோதிக்கிறார்கள். மீனுக்கு நடுங்கும் கையில்லை. அதன் மூளையும் மனித மூளையன்று. ஆதலால் இச்சோதனை வழிகாட்டியேயன்றி முடிந்த தீர்ப்பாகாது. நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் கிட்டவில்லை.

வீதியில் நடப்போரின் நடையைப் பார்க்கின்ஸன் கவனித்தார். நீரில் மீனின் கதியை இன்றைய சாஸ்திரிகள் கவனிக்கிறார்கள். அதிகாரத்துக்கு அஞ்சாது பேசிய அவர், அறியாததை அறிந்ததாகச் சொல்லவும் துணியவில்லை. பொதுவாழ்வில் ஈடுபடுவோர் அவரிடம் கற்கவேண்டிய குணங்கள் இவ்விரண்டுமாம்.