ஆச்சாரியர் ரேயும் எலும்பு மூட்டையும்

வினைபடு பொருள் இத்தனை கிராம். விளைபொருள் எத்தனை மோல்? இரசாயனம் பயிலும் நாம் தேர்வுதோறும் சந்திக்கும் வினா இது. இந்தக் கணக்கை வீதிக்குக் கொண்டுவந்து, நாட்டுக்கு ஒரு தொழிலையே அளித்த பெருமகனார் பிரபுல்ல சந்திர ரே.

1861 ஆகஸ்டு 2-ஆம் நாள், இன்று வங்காள தேசத்தில் உள்ள ராருலி எனும் சிற்றூரில் பிறந்தார். கில்கிறிஸ்டு உதவிச் சம்பளம் பெற்று எடின்பரோ சென்றவர், 1887-இல் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1889-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் உதவி ஆசிரியரானார். மாதச் சம்பளம் ரூ. 250. அதே தகுதியுடைய ஆங்கிலேயருக்குக் கிடைத்த உயர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. அடிமை நாட்டில் பட்டத்துக்கும் நிறம் உண்டு போலும்!

அந்நாளில் மருந்துச் சரக்குகள் பெரும்பாலும் கப்பலேறி வந்தன. அவற்றை இங்கேயே ஆக்க முனைந்தார் ரே. தேர்ந்தெடுத்தவற்றுள் ஒன்று, பேதி மருந்தாகப் பயன்பட்ட சோடியம் பாஸ்பேட். மூலப்பொருளோ மாட்டெலும்பு! எங்கள் கோவிந்தாபுரத்து மாந்தோப்புகளில் எலும்புத்தூளை உரமாகவே அறிந்திருந்த எனக்கு இது பெருவியப்பளித்தது. கசாப்புக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாய் எலும்பு வாங்கி வீட்டு மாடியில் உலர்த்தினார். எதிர்பாராத மழை வந்தது. எலும்பு அழுகிப் புழுத்தது, காக்கைகள் மொய்த்தன, அண்டை வீட்டார் சீறினர். வேறிடம் கொண்டுபோய்ச் சூளைபோல் அடுக்கித் தீயிட்டார். நள்ளிரவில் தீயைக் கண்ட போலீசார், பிணத்தை எரிக்கிறார்களோ என ஐயுற்று வந்துவிட்டனர்!

எஞ்சிய சாம்பலில் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட். அதன் ஒரு மோல் 310 கிராம். 31 கிலோ எடுத்தால் 100 மோல். அதன் ஒவ்வொரு மோலிலும் இரண்டு பாஸ்பேட் தொகுதிகள் உள. ஆதலால் 200 மோல் சோடியம் பாஸ்பேட் கிடைத்தல் வேண்டும். பன்னிரண்டு நீர் மூலக்கூறுகளோடு படிகமாகும்போது அதன் ஒரு மோல் 358 கிராம். ஆக, 71.6 கிலோ! இட்ட சாம்பலைவிட விளைந்த உப்பு இருமடங்குக்கும் மேல். இதில் மாயம் ஏதுமில்லை. சோடாவும் நீரும் கூடிய எடை அது. கந்தக அமிலம் 300 மோல், அதாவது 29.4 கிலோ; சோடியம் கார்பனேட் 21.2 கிலோ தேவை. சாம்பலிலுள்ள சுண்ணாம்பும் அமிலத்தைக் குடிக்கும். வடிகட்டும்போதும் கொஞ்சம் போகும். ஆகவே ஏட்டுக் கணக்கு எட்டக்கூடிய உச்சம் மட்டுமே. அமிலத்தைக் காசு கொடுத்து வாங்குபவனுக்கு அந்த உச்சம் தெரியாவிட்டால், இலாபமா நட்டமா என்பதே விளங்காது. மோல் என்னும் சொல் அன்று வழக்கில் பரவவில்லை. அணு எடைகளைக் கொண்டே அன்றையோர் இதைக் கணித்தனர்.

இவ்வாறு முளைத்த பெங்கால் கெமிக்கல் 1901-இல் வரையறுத்த கம்பெனியாயிற்று. இடையே 1896-இல், பாதரச நைட்ரைட்டு எனும் மஞ்சள் படிகத்தைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். என் மனத்தில் நிற்பதோ எலும்பு மூட்டைதான். அறுபது வயதுக்குப்பின் தம் சம்பளத்தைப் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்தார். மணம் புரியவில்லை. கல்கத்தா விஞ்ஞானக் கல்லூரியில் ஓர் அறையே அவருக்கு வீடாயிருந்தது. 1944 ஜூன் 16-ஆம் நாள் அந்த அறையிலேயே உயிர் நீத்தார்.