பச்சையப்ப முதலியாரும் நம் சங்கத்து நிதியும்



சென்ற பொதுக்குழுவில், சந்தாப் பணத்தில் ஆண்டுதோறும் மிஞ்சுவதைக் கொண்டு சேந்தமங்கலம் வட்டாரத்துத் தொண்டு நிறுவனங்களுக்கு உதவ ஒரு நிதி தொடங்கலாமா என்று பேசினோம். யாருக்குக் கொடுப்பது, யார் கணக்குப் பார்ப்பது என்ற கேள்விகளோடு கலைந்துவிட்டோம். வங்கியில் பேரேடும் கையுமாக இருந்தவனுக்கு அந்த இரண்டாவது கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அதனால் இந்த இதழில் பச்சையப்ப முதலியாரின் வாழ்க்கையைச் சொல்கிறேன்.

அண்ணா படித்த பச்சையப்பன் கல்லூரியை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பெயருக்கு உரியவர் 1754-ல் பிறந்தவர். பூர்விகம் காஞ்சிபுரம். அவர் பிறக்கும் முன்பே தந்தை விசுவநாத முதலியார் காலமானார். தாயார் பூச்சியம்மாள் கைக்குழந்தையோடு பிறர் ஆதரவில் பெரியபாளையத்தில் வாழ்ந்து, பிறகு சென்னை வந்தார். அங்கே பௌனி நாராயண பிள்ளை என்ற பெரியவர் அடைக்கலம் கொடுத்து, பிள்ளைக்கு வியாபாரமும் கற்றுக்கொடுத்தார்.

வளர்ந்ததும் பச்சையப்பர் துபாஷி ஆனார். வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்ப்பாளர், தரகர், கணக்குப் பார்ப்பவர் எல்லாம் துபாஷிதான். தஞ்சாவூர் வரை அவருடைய கொடுக்கல் வாங்கல் பரவியது. இளம் வயதிலேயே பெரும் செல்வம் சேர்ந்தது. கோயில்களுக்கும் அன்னதானத்துக்கும் கணக்கில்லாமல் கொடுத்தார்.

1794 மார்ச் 22-ல் உயில் எழுதினார். 31-ம் தேதி திருவையாற்றில் காலமானார். வயது நாற்பதுதான். காசி முதல் கன்னியாகுமரி வரை கோயில் திருப்பணிகளுக்கும் அறச்செயல்களுக்கும் சொத்தை எழுதி வைத்திருந்தார்.

ஆனால் நடந்தது என்ன? சொத்து வழக்கில் சிக்கியது. பல ஆண்டுகள் தர்மம் நடக்கவில்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் சென்னை சுப்ரீம் கோர்ட் தலையிட்டது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் இதில் முனைந்து பாடுபட்டார். உயிலில் சொன்ன தர்மங்களுக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைக் கல்விக்குச் செலவிடலாம் என்று ஏற்பாடானது. பொறுப்பு அறங்காவலர் குழுவிடம் வந்தது. 1842-ல் சென்னையில் பள்ளி திறந்தார்கள். 1889-ல் அது கல்லூரி ஆனது. கொடுத்தவர் இறந்து பள்ளி வர 48 ஆண்டுகள்!

இதில் நமக்கு என்ன பாடம்? மனம் தாராளமாக இருந்தால் மட்டும் போதாது. பொறுப்பான குழுவும் ஒழுங்கான கணக்கும் இல்லையென்றால் பணம் தூங்கிவிடும். இன்னொன்று, காலம் மாறினால் தேவையும் மாறும். மிஞ்சிய பணம் படிப்புக்குத் திரும்பியதால்தான் இன்றும் அவர் பெயர் நிற்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிரடெரிக் காஃப் என்ற வங்கித் தலைவரும் இதைத்தான் யோசித்தார். பலர் விட்டுச்செல்லும் பணத்தை ஒரே நிதியாக்கி, ஊரின் அன்றைய தேவைக்கு ஏற்ப ஒரு குழு வழங்கும் முறையை 1914-ல் தொடங்கினார். உலகெங்கும் உள்ள சமுதாய அறக்கட்டளைகளுக்கு அதுவே முன்னோடி.

நம்முடையது சிறிய தொகைதான். இருந்தாலும் ஐந்து பேர் கொண்ட குழு, தனி வங்கிக் கணக்கு, ஆண்டுக்கு ஒரு தணிக்கை, உதவி பெற்றவர்களிடம் செலவு விவரம் கேட்டு இதே செய்திமடலில் வெளியிடுவது ஆகிய நான்கும் முதலிலேயே எழுத்தில் இருக்கட்டும். யாருக்கு என்பதை ஆண்டுதோறும் பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு அவசியம் வாருங்கள். உங்கள் கருத்தையும் சொல்லுங்கள்.