லிப்டன் துரையும் கூடைப் பெண்ணும்

அப்புத்தளைக்கு மேலே, தம்பேதென்னைத் தோட்டத்து மலையுச்சியில், லிப்டன் ஆசனம் என வழங்கும் இடமொன்று உண்டு. பதுளை, பண்டாரவளைப் பக்கத்து அன்பர் பலர் அதனைக் கண்டிருப்பர். அவ்விடத்துக்குப் பெயர் தந்த சேர் தாமஸ் லிப்டனின் வாழ்க்கை, விளம்பரம் என்னும் கலையின் வாழ்க்கையும் ஆகும்.

அவர் 1848ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்த எளியவர். சிறு பலசரக்குக் கடையொன்றை நடத்தினர். இளமையிலேயே கப்பலேறி அமெரிக்கா சென்ற லிப்டன், வெர்ஜீனியாவிற் புகையிலைத் தோட்டத்திலும், தென் கரோலினாவில் நெல்வயலிலும் உழைத்தார். பின்னர் நியூயோர்க்கிற் பெருங்கடையொன்றிற் பணிபுரிந்தார். சரக்கு நன்றாயிருந்தால் மட்டும் போதாது, அது காண்பார் கண்ணைக் கவரவும் வேண்டும் என்னும் வாணிக நுட்பத்தை அங்கேதான் கற்றுக்கொண்டார்.

1871இற் கிளாஸ்கோவிற் சொந்தக் கடை திறந்தார். கொழுத்த பன்றிகளை அலங்கரித்து வீதியில் ஊர்வலம் விடுவார். 1881இல் மாபெரும் பாற்கட்டியொன்றை வருவித்து ஊரையே கூட்டினார். கடைகள் பல்கிப் பெருகின.

1890இல் அவர் இலங்கைக்கு வந்தார். 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பிப் பயிர் அழிந்து, மலைகளிலே தேயிலை தளிர்த்துக்கொண்டிருந்த காலம் அது. புகையிரதப் பாதை நானுஓயா வரையுமே வந்திருந்தது. அவர் அப்புத்தளைப் பகுதியிலே தோட்டங்களை வாங்கி, தேயிலையை அளவிட்ட பொதிகளிற் குறைந்த விலைக்கு விற்றார். தோட்டத்துக் கொழுந்து நேரே வீட்டுக் கேத்தலுக்கு வருகிறது என்பதே அவர்தம் விளம்பரத்தின் சாரம். அதனை நிலைநாட்டக் கொழுந்துக் கூடையேந்திய பெண்ணின் உருவம் அவர் விளம்பரப் படங்களிற் புன்னகையோடு நின்றது.

பண்டத்தின் அருகே பெண்ணை நிறுத்தும் இம்முறை அவரோடு முடிந்துவிடவில்லை. 1939இல் மூண்ட உலகப் போரிற் போர்வீரர் தம் பாசறைச் சுவர்களிற் குத்திவைத்த அழகியர் படங்கள் பின்-அப் எனப் பெயர் பெற்றன. இன்று பழைய மோட்டார் வண்டியொன்றை மெருகேற்றி, அக்காலத்து உடையும் சிகையலங்காரமும் பூண்ட பெண்ணை அதன் அருகே நிறுத்திப் படம் பிடிப்போர் உளர். இவற்றை இன்னவை என அறியும் இலக்கணம் மூன்று. பெண்ணின் நிலை ஒத்திகை பார்க்கப்பட்டது. ஆயினும் தற்செயலானதுபோலத் தோன்றும். அவள் பார்வை காண்போனை நோக்கியிருக்கும். படத்தில் உழைப்பின் அழுக்கு சிறிதும் இராது. வண்டி துருப்பிடித்திராது, பெண்ணும் களைத்திராள்.

கூடைப் பெண்ணின் படத்துக்கும் இவ்விலக்கணம் பொருந்துகிறது. விடியலிற் பெரட்டுக்களத்தில் நின்றவள், அட்டைக் கடியோடும் மழையோடும் மலையேறியவள், கங்காணியின் கடன் கணக்கிற் கட்டுண்டவள், மாலையில் லயத்து அறைக்குத் திரும்பியவள் அப்படத்திலே இல்லை. அவள் பெயரும் பொதியில் இல்லை. லிப்டன் பெயரே இருந்தது. கூடைப் பெண்ணின் உருவம் கடல் கடந்து உலவ, அவள் வழித்தோன்றல்களோ 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். எஞ்சியோரின் உரிமைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது.

லிப்டனைக் கொடியவர் எனக் கூறுதல் நம் நோக்கமன்று. 1898இற் சேர் பட்டம் பெற்ற அவர், அமெரிக்கக் கிண்ணப் படகோட்டப் போட்டியில் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை தோற்றும் முகஞ் சுளியாதிருந்து, வென்றவரினும் மிக்க புகழெய்தினார். மணம் புரியாமலே 1931இல் மறைந்த அவர், தம் பெருஞ்செல்வத்திற் பெரும்பகுதியைப் பிறந்த நகருக்கே விட்டுச்சென்றார். அச்செல்வத்தில் ஊவா மலைக் கொழுந்தின் பங்கும் உண்டு.

ஆசிரிய அன்பர்கள் மாணவரை லிப்டன் ஆசனத்துக்கு அழைத்துச் செல்வது நன்று. ஆங்கே பனி விலகித் தோன்றும் காட்சியைக் கண்டு களித்தபின், அதன் கீழ்ச்சரிவிலே கொழுந்தெடுக்கும் அம்மையாரிடம் பெயர் கேட்டு வணங்கிவரவும் கற்பியுங்கள். படம் எழுதாது விட்டதை அச்சிறு வினா எழுதும்.