வீடின்றி அலைந்த இளவரசர் புதுப்பித்த அரண்மனை

கல் உளிச் சத்தத்துக்குப் பேர்போன ஊர் மயிலாடி. அங்கிருந்து மேற்கே போய், நாகர்கோவிலைத் தாண்டினால் தக்கலை வரும். அதன் அருகே இருக்கிறது பத்மநாபபுரம் அரண்மனை. மர வேலைப்பாடு நிறைந்த மாளிகை. 1601-ம் ஆண்டு வாக்கில் கட்டப்பட்டது. பிறகு அதைப் புதுப்பித்துப் பெரிதாக்கியவர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா.

பலா மரப் பொந்து

அவர் பிறந்தது 1706-ல். அவர் இளவரசராக இருந்தபோது, மன்னரை விட எட்டு வீட்டுப் பிள்ளைமார்களின் கையே ஓங்கி இருந்தது. இளவரசரைக் கொல்ல ஆட்கள் துரத்தினார்கள். இன்று ஓரிடம், நாளை வேறிடம் என்று ஒளிந்து திரிந்தார். நெய்யாற்றின்கரையில் ஒரு பலா மரப் பொந்தில் புகுந்து உயிர் தப்பினாராம்!

இடிந்த வீடுகள்

அரச குடும்பத்தில் அப்போது மருமக்கள் வழி. 1729-ல் மாமனுக்குப் பின் அவர் பட்டத்துக்கு வந்தார். மாமனின் பிள்ளைகள் எதிர்த்தார்கள். எட்டு வீட்டாரும் அவர்களுடன் சேர்ந்துகொண்டார்கள்.

வென்றவர் மன்னர். எதிர்த்த தலைவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய வீடுகள் தரைமட்டமாயின. வீடு இருந்த இடத்தில் குளம் தோண்டப்பட்டது. பெண்களும் பிள்ளைகளும் விற்கப்பட்டதாகப் பழைய சரித்திர நூல்கள் கூறுகின்றன. தலை சாய்க்க இடமின்றி அலைந்தவரே பிறரின் வீட்டை அழித்தார். அவர் வாழ்வில் அது ஒரு கறை.

எதிரியே தளபதி

மிளகு வியாபாரத்துக்காக டச்சுக்காரர்கள் படையெடுத்து வந்தார்கள். 1741-ல் குளச்சலில் மன்னர் அவர்களை முறியடித்தார். டிலனாய் என்ற டச்சு வீரர் சிறைப்பட்டார். மன்னர் அவரைக் கொல்லவில்லை. தம் படைக்குப் பயிற்சி அளிக்க வைத்தார்! டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது.

மேல் மாடி யாருக்கு?

1750-ல் நாட்டையே பத்மநாப சுவாமிக்குக் காணிக்கையாக்கினார். சுவாமியின் தாசனாக நாட்டை ஆண்டார். அந்தக் காலத்தில் எழுந்ததுதான் அரண்மனையின் உப்பரிகை மாளிகை. கீழே கஜானா. அதற்கு மேலே மன்னரின் படுக்கை அறை. உச்சியில்? சுவாமிக்கு ஓர் அறை! சுவர் எங்கும் வண்ண ஓவியங்கள்.

1758-ல் மன்னர் காலமானார். பிற்பாடு தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956-ல் அந்த வட்டாரம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனால் அரண்மனை மட்டும் கேரளத் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு சேர்த்துப் போட்ட தரை, கண்ணாடி போல் மின்னுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அந்த அழகைப் பார்த்து வியப்பவர்கள், அன்று இடிந்துபோன எட்டு வீடுகளையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.