எண்ணுகிறவனையும் அளந்த மேதை

பாரூர்ப் பெரிய ஏரியின் பாசனத்தில் நெல் விளைவிக்கும் குடியானவர்களுள் முதியோருக்குக் கர்ணத்தின் கணக்கு நினைவிருக்கும். 1980-ல் அப்பதவி ஒழிக்கப்பட்ட வரையில், எந்த வயலில் என்ன பயிர் என்பதை அடங்கலில் பதிந்து வந்தவர் அவரே. வயலுக்குச் சென்று எழுதியவரும் உண்டு. திண்ணையில் அமர்ந்தே எழுதியவரும் உண்டு. தாலுகா கச்சேரியை அடைந்த பின் இரண்டு கணக்கும் ஒரே நிறந்தான். எழுதிய மனிதனின் சோம்பலும் அச்சமும் தாட்சண்யமும் எண்ணுக்குள் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? இக்கேள்வியைச் சாஸ்திரமாக்கியவர்களில் முதன்மையானவர் வங்காளத்துப் பிரசாந்த சந்திர மஹலநோபிஸ். ஓசூரிலும் எல்லைக்கு அப்பால் பெங்களூரிலும் மனித நடத்தையையும் எண் திரளையும் ஒருங்கே ஆராயும் உத்தியோகத்தை நாடும் நமது வாலிபர்கள், அது மேனாட்டார் நேற்றுக் கண்ட புதுமை என்று எண்ணுகின்றனர். ஆதலின் அன்னாரது சரிதத்தை ஈண்டுச் சிறிது கூற விழைகிறோம்.

1893 ஜூன் 29-ம் தேதி கல்கத்தாவில் பிரம்ம சமாஜக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பிரெஸிடென்ஸி கல்லூரியில் பௌதிகம் கற்று, 1913-ல் சீமைக்குச் சென்று கேம்பிரிட்ஜில் பயின்றார். யுத்த காலத்தில் தாயகம் திரும்பும்போது, உயிரினங்களை எண்களால் ஆராயும் பயோமெட்ரிகா என்ற சஞ்சிகையின் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். பௌதிகம் போதிப்பது ஜீவனமாயிற்று, புள்ளிவிவரம் ஜீவனாயிற்று. சர்வகலாசாலைப் பரீட்சை முடிவுகளை ஆராய்வதில் பிரஜேந்திரநாத் ஸீலுக்குத் துணைநின்றார். 1920-ல் நாகபுரியில் கூடிய விஞ்ஞான மகாசபையில், கல்கத்தா ஆங்கிலோ-இந்தியரின் உடலளவுகளை ஆராயும்படி ஆனண்டேல் துரை அவரை வேண்டினார். இரு ஜனக் கூட்டத்தார் ஒருவருக்கொருவர் எவ்வளவு அண்மை, எவ்வளவு சேய்மை என்பதை அளக்கும் சூத்திரம் அவ்வேலையில் முளைத்து 1936-ல் முற்றுப்பெற்றது. மஹலநோபிஸ் தூரம் என்ற பெயரில் அதை இன்று உலகமெங்கும் கையாளுகின்றனர். மாணவரின் அறிவுத்திறனைச் சோதிக்கும் மனோதத்துவ முறைகளை வங்காள மொழியில் பரீட்சித்ததும் இக்காலத்திலேதான். 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளிவிவரக் கழகம் தோன்றியது. கல்லூரியின் பௌதிகப் பகுதியில் ஓர் அறையே அதன் மாளிகை.

1937 முதல் வங்காளத்துச் சணல் சாகுபடியை மதிப்பிடும் வேலையில் இறங்கினார். நம் பக்கத்துக் கர்ணத்தைப் போன்ற கிராமக் கணக்கர் நிரந்தர நிலவரி வங்காளத்தில் இல்லை. சர்க்கார் கணக்கெல்லாம் பெரும்பாலும் ஊகமே. ஒவ்வொரு வயலாக எண்ணினால் செலவு பெரிது, ஆள் பெரிது, பிழையும் பெரிது. எனவே சில இடங்களை மட்டும் குருட்டுச் சீட்டாகப் பொறுக்கி, அவற்றைச் செவ்வையாகப் பார்த்து, மாகாணம் முழுமைக்கும் மதிப்பிட்டார். செலவு மிகவும் சுருங்கியது. ஆனால் அவர் அத்துடன் திருப்தியடையவில்லை. ஒரே பிரதேசத்துக்கு இரண்டு மாதிரிகளைப் பின்னி அமைத்து, தனித்தனிக் கோஷ்டியாரை அனுப்பினார். ஒரு கோஷ்டியின் கணக்கு மற்றதற்குத் தெரியாது. இரண்டும் ஒத்து வந்தால் நம்பலாம். பெரிதும் வேறுபட்டால், யாரோ ஒருவர் வயலுக்கே போகவில்லை, அல்லது போயும் சரியாகப் பார்க்கவில்லை. குற்றம் கண்டுபிடிக்க வேவுகாரன் வேண்டாம், கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். இம்முறைகளை விளக்கி 1944-ல் லண்டன் ராயல் சொஸைட்டியின் ஏட்டில் எழுதினார். மறுவருஷம் அச்சபை அவரை அங்கத்தினராக ஏற்றது.

நம்பத்தகுந்த எண் இல்லாத தேசத்தின் கதி யாது என்பதை 1943-ன் வங்கப் பஞ்சம் உலகுக்குக் காட்டியது. நெல் எவ்வளவு விளைந்தது என்றே திட்டமாக அறியாத அந்நிய சர்க்கார், லட்சக்கணக்கானோர் மாண்டதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பஞ்சத்துக்குப்பின் மஹலநோபிஸும் சகாக்களும் 15,000-க்கு மேற்பட்ட குடும்பங்களில் விசாரித்தனர். நெல் நிலம் முழுவதையும் இழந்த குடும்பங்கள் மாகாணமெங்கும் சுமார் 2,60,000 என்று மதிப்பிட்டனர். இறந்தவரை எண்ணுவது எளிது; பிழைத்திருந்தும் ஓட்டாண்டியானவரை எண்ணியது இவ்வாராய்ச்சியின் பெருமை என்போம்.

அவர் பிழை செய்யாதவரல்லர். விளைச்சலை அளக்க வயலில் சிறு வட்டமிட்டு அறுக்கும் முறையை அவர் கொண்டபோது, சுகாத்மே என்ற மற்றொரு பேரறிஞர் மறுத்துரைத்தார். வட்டத்தின் விளிம்பில் நிற்கும் பயிரை அறுப்போன் கை தன்னையறியாமல் உள்ளே சேர்த்துக்கொள்ளும். வட்டம் சிறியதாயின் விளைச்சல் பொய்யாகப் பெருகும் என்பது அவர் வாதம். இவ்விருவர் பூசல் கசப்பாகவே நடந்ததாயினும் தேசத்துக்கு லாபமாகவே முடிந்தது. மனிதனின் கை மட்டுமா, ஞாபகமும் பொய் சொல்லும். தேசிய மாதிரி ஆய்வு 1950-ல் ஆரம்பமான பின், சென்ற வாரம் உண்டதைக் கேட்டால் ஒரு விடையும், சென்ற மாதம் உண்டதைக் கேட்டால் வேறு விடையும் வரக் கண்டனர். சோதித்துப் பார்த்ததில் தானிய விஷயத்தில் மாதக் கேள்வியே மெய்க்கு நெருங்கியது. வறுமையின் அளவைப் பற்றி டில்லியில் பின்னர் நடந்த சண்டைகளில் பாதி இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்தன என்பதை நமது அரசியல் தொண்டர்கள் மனத்தில் கொள்வது நலம்.

1956-ல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் அவர் வகுத்த கணக்கின்மீது எழுந்தது. கனரக யந்திரங்களுக்கு முதலிடம் தந்த அத்திட்டத்தில் விவசாயி பின்தள்ளப்பட்டான் என்ற குறையை நாமும் உடன்படுகிறோம். வயலில் எண்ணும் குமாஸ்தாவை அவ்வளவு சந்தேகித்தவர், டில்லியில் திட்டமிடும் கனவான்களையும் சற்றுச் சந்தேகித்திருக்கலாம். அவர்களுக்குப் பின்னல் மாதிரி எதையும் அவர் அமைக்கவில்லை. 1972 ஜூன் 28-ல், எழுபத்தொன்பது வயது நிறைய ஒரே நாள் இருக்கையில், கல்கத்தாவில் அவர் காலமானார்.