இலக்கணமும் பேய்க்கதையும்: மான்டேகு ரோட்ஸ் ஜேம்ஸ் சரிதம்

இலக்கணம் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்திலே மாணாக்கர் பலரது முகம் வாடக் காண்கின்றோம். வேற்றுமையுருபும் வினையெச்சமும் பரீட்சைக்கு வேண்டுவனவேயன்றி வாழ்க்கைக்கு வேண்டுவன அல்ல என்பது அவர்தம் எண்ணம். பேய்க்கதை என்று கேட்பின் அதே மாணாக்கர் அருகே நெருங்கி அமர்வர். இவ்விரண்டையும் ஒருங்கே பிணைத்துக் காட்டிய அறிஞர் ஒருவர் ஆங்கில நாட்டில் வாழ்ந்திருந்தார். மான்டேகு ரோட்ஸ் ஜேம்ஸ் என்னும் அப்பெரியாரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஜேம்ஸ் 1862 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 1ஆம் தேதி கென்ட் பிரதேசத்துக் குட்நெஸ்டோன் என்னும் ஊரிற் பிறந்தார். இவர் தந்தையார் ஹெர்பர்ட் ஜேம்ஸ் என்பார் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர். மைந்தர் மூன்று வயதினராயிருந்தபோது குடும்பத்தார் சஃபக் பிரதேசத்துக் கிரேட் லிவர்மியர் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். பழைய ஆலயங்களும் பாழடைந்த மடங்களும் நிறைந்த அந்நாட்டில் வளர்ந்த சிறுவருக்குப் பழமையின்மேற் காதல் இளமையிலேயே உண்டாயிற்று. டெம்பிள் குரோவ் என்னும் பாடசாலையிலும், 1876 முதல் ஈட்டன் கல்லூரியிலும் பயின்ற காலத்து இலத்தீன், கிரேக்கம் ஆகிய மொழிகளிற் சிறந்து விளங்கியதோடு, எத்தியோப்பிய மொழியையும் தம் விருப்பத்தாற் கற்றார். 1882 இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார்.

அக்கல்லூரியே அவருக்கு முப்பத்தாறு ஆண்டுகள் இல்லமாயிற்று. 1887 இல் அதன் உறுப்பினராகவும், பின்னர் டீனாகவும், 1905 இல் புரோவோஸ்ட் எனப்படும் தலைவராகவும் உயர்ந்தார். 1893 முதல் 1908 வரை ஃபிட்ஸ்வில்லியம் அரும்பொருட்காட்சிச் சாலையையும் நடத்தினார். 1913 முதல் 1915 வரை சர்வகலாசாலையின் துணைவேந்தராயும் விளங்கினார். கேம்பிரிட்ஜ்க் கல்லூரிகளிற் கிடந்த பழங் கையெழுத்துப் பிரதிகளை ஒவ்வொன்றாய் எடுத்துப் படித்து அவர் இயற்றிய விவர அட்டவணைகள் இன்றும் ஆராய்ச்சியாளருக்குத் துணைபுரிகின்றன. பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துப் பண்டைத் தலைவர்களின் கல்லறைகள் இருந்த இடம் மறந்துபோயிருந்தது. ஜேம்ஸ் ஒரு பழைய ஏட்டுத் துணுக்கிற் கண்ட குறிப்பே அவ்விடத்தை அகழ்ந்து காண வழிகாட்டிற்று. ஏட்டில் எழுதிய ஒரு வரியைச் செவ்வனே படித்தால் நிலமும் தன் மறைபொருளை வெளியிடும் என்பதற்கு இஃதொரு சான்றாம்.

கிறிஸ்து பிறப்புத் திருநாட் காலத்தில், நீண்ட குளிரிரவுகளில் கணப்பருகே அமர்ந்து பேய்க்கதை கூறுதல் ஆங்கிலேயரிடையே பழைய வழக்கம். சார்லஸ் டிக்கன்ஸ் 1843 இல் வெளியிட்ட திருநாட் கதையும் ஆவிகளைப் பற்றியதே. ஜேம்ஸ் 1893 அக்டோபர் 28 ஆம் தேதி தாம் எழுதிய இரு கதைகளைச் சிட்சாட் என்னும் கேம்பிரிட்ஜ்ச் சங்கத்திற் படித்தார். அதன்பின் ஆண்டுதோறும் திருநாளுக்கு முந்திய இரவில் நண்பரும் மாணாக்கரும் அவர் அறையிற் கூடுவது வழக்கமாயிற்று. எழுதிய மை உலருமுன்னரே தாளைக் கையிலேந்தி அவர் உள்ளறையினின்றும் வருவார். ஒரு மெழுகுவர்த்தியொழிய ஏனையவற்றை அணைத்துவிட்டுப் படிக்கத் தொடங்குவார். இக்கதைகளின் முதற்றொகுதி 1904 இல் வெளிவந்தது. அவற்றிற்குச் சித்திரம் எழுதி வந்த அருமை நண்பர் ஜேம்ஸ் மக்பிரைட் அவ்வாண்டே காலமாக, அவர் முடித்து வைத்திருந்த நான்கு சித்திரங்களோடு அந்நூல் அவரது நினைவாகவே நின்றது.

குருவானவர் வீட்டுப் பிள்ளை, அதிலும் பரிசுத்த திருநாளில், பேயைப் பற்றிக் கதைப்பது தகுமோ என்று சிலர் வினவலாம். ஜேம்ஸ் வேதநூலாராய்ச்சியிற் பெரும்பகுதி வாழ்நாளைச் செலவிட்டவர். புதிய ஏற்பாட்டுக்குப் புறம்பாயுள்ள பழைய கிறிஸ்தவ நூல்களை மொழிபெயர்த்து 1924 இல் வெளியிட்டவர். மூடநம்பிக்கையை வளர்ப்பது அவர் கருத்தன்று. கேட்போரை இனிமையாய் அஞ்சுவிப்பதே அவர் நோக்கம். ஆயினும் அவ்விளையாட்டினுள்ளே ஆழ்ந்ததொரு படிப்பினை அடங்கியிருக்கின்றது. கிங்ஸ் கல்லூரிப் பாடகர் குழுவின் சிறுவர் பயிலும் பாடசாலைக்காக அவர் கட்டிய கதையே அதனை விளக்கப் போதுமானது. அக்கதை 1911 இல் வெளிவந்த இரண்டாம் தொகுதியில் உளது.

அது முழுவதும் இலத்தீன் இலக்கண வகுப்பில் நிகழ்வது. சாம்ப்சன் என்னும் ஆசிரியர், நினைத்தற் பொருள்படும் வினையை அமைத்து ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் இயற்றுக எனப் பணிக்கின்றார். தமிழில் நினைக்கப்படும் பொருள் இரண்டாம் வேற்றுமை ஏற்கும். இலத்தீனில் அது பெரும்பாலும் ஆறாம் வேற்றுமை ஏற்பது வழக்கு. ஏனையோர் பயனற்ற சிறு வாக்கியங்களை எழுத, ஒரு மாணவன் மாத்திரம், தான் எங்ஙனம் அறிந்தான் என்று அறியாமலே, நான்கு யூ மரங்களினிடையே உள்ள ஒரு கிணற்றை நினைவுகூருமாறு ஏவும் வாக்கியத்தை எழுதிவிடுகின்றான். அதைக் கண்ட ஆசிரியர் திகைக்கின்றார். சிலநாட் சென்றபின் நிபந்தனை வாக்கியப் பயிற்சி நடைபெறுகின்றது. அது நம் இலக்கணத்திற் செயின் என்னும் வாய்பாட்டு எச்சத்தின் பொருளை ஒத்தது. மாணவர் பதினாறு பேர். வந்த தாள்களோ பதினேழு. மிகையாயிருந்த தாளில், எவர் கையெழுத்தும் அல்லாத எழுத்தில், அழைக்கப்பட்டவன் செல்லாவிடின் அழைத்தவனே தேடி வருவான் என்னும் கருத்து அமைந்திருக்கின்றது. பின்னர் ஓரிரவில் ஆசிரியர் மறைந்துபோகின்றார். நெடுநாட் கழித்து அயர்லாந்தில் ஒரு கிணற்றைத் தூர்வாருங்கால் ஒன்றையொன்று பற்றிய இரண்டு உடல்கள் காணப்படுகின்றன.

இக்கதையில் நடுங்கியவர் மாணவரல்லர், ஆசிரியரே என்பதை நோக்குக. மாணவர்க்கு அது வெறும் பயிற்சி. ஏவலும், வேற்றுமையும், எதிர்காலமும் தம் முழுப் பொருளோடு சென்று தாக்கியது ஆசிரியரை மாத்திரமே. பாடகச் சிறுவர் நாள்தோறும் வகுப்பில் உருப்போட்ட அதே விதிகள் இங்கே உயிர்பெற்று எழுந்தன. அவற்றைக் கேட்ட சிறுவன் அவ்வினைக்குரிய அமைப்பைப் பின்னர் மறப்பது அரிதன்றோ?

முதற்றொகுதியிலுள்ள மற்றொரு கதையிற் பார்க்கின்ஸ் என்னும் பேராசிரியர் பாழடைந்த ஆலயத்தில் ஓர் ஊதுகுழலைக் கண்டெடுக்கின்றார். அதன்மேற் பொறித்த இலத்தீனுக்கு முற்றும் பொருள் காணாமலே அதனை ஊதுகின்றார். வரத் தகாதது வருகின்றது. கற்ற மொழியைத் துருப்பிடிக்க விடுதல் இடையூறு விளைக்கும் என்பதே அதன் உட்கிடை போலும்.

1914 இல் மூண்ட பெரும்போர் கல்லூரி அறைகளை வெறிதாக்கிற்று. ஜேம்ஸ் அறிந்து நேசித்த இளைஞர் பலர் போர்க்களத்தில் மாண்டனர். 1918 இல் அவர் ஈட்டன் கல்லூரியின் தலைவராய்த் தாம் பயின்ற இடத்திற்கே திரும்பினார். அங்கும் கதை கூறுதலை விட்டிலர். 1927 இல் ஈட்டன் சாரணச் சிறுவர் பாசறைக்கு ஒரு கதை எழுதிப் படித்தார். 1930 இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்னும் உயர்ந்த விருது பெற்றார். 1936 ஜூன் 12 ஆம் தேதி ஈட்டனிலேயே இறைவனடி சேர்ந்தார்.

அவர் இயற்றிய அட்டவணைகளைப் புலவர் சிலரே புரட்டுவர். கதைகளையோ உலகெங்கும் பல்லாயிரவர் படிக்கின்றனர். எனினும் இரண்டும் ஒரே பண்பிற் பிறந்தவை. எழுதப்பட்ட ஒரு சொல்லை அலட்சியஞ் செய்யாமை அப்பண்பு. நம் கல்லூரியிலும் இலக்கணம் போதிப்போர், பிரம்பாலும் பரீட்சையாலும் வரும் அச்சத்தை விடுத்து, கதையால் வரும் இன்ப அச்சத்தைத் துணைக்கொள்ளலாம். திருநாள் விடுமுறைக்கு முந்திய வகுப்பில் ஒரு நிபந்தனை வாக்கியத்தால் ஒரு பேயை வரவழைக்குமாறு மாணாக்கரைப் பணித்துப் பார்ப்போமாக. கடை வரிசையில் உறங்குவோனும் தன் எச்சம் எவ்வினை கொண்டு முடிகின்றது என்று விழித்து நோக்குவான் என்பது எம் துணிபு.