கிண்ணத்திடம் தோற்ற பேரரசர் ஜஹாங்கீர்

பள்ளிக்கரணை, மேடவாக்கம், பெரும்பாக்கம் பகுதிகளில் வேலை நிமித்தம் குடியேறிய நம் குடும்பங்கள் ஏராளம். கஞ்சா, போதை மாத்திரை பற்றிய செய்திகளைப் படிக்கும்போது, நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் இதில் விழ மாட்டார்கள் என்று நாம் மனதைத் தேற்றிக்கொள்கிறோம். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் குடும்பத்தைப் பார்த்தால் அந்தத் தேறுதல் நிலைக்காது.

1569இல் அக்பருக்குப் பிறந்த சலீம்தான் பின்னாளில் ஜஹாங்கீர் ஆனார். தமக்குப் போதைப் பழக்கம் வந்த கதையைத் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே மறைக்காமல் எழுதியுள்ளார். பதின்ம வயதில் ஒருநாள், சிந்து நதிக்கரையில் அட்டோக் கோட்டை அருகே வேட்டையாடிக் களைத்துப் போனார். ஒரு கிண்ணம் குடித்தால் களைப்பு தீரும் என்று உடனிருந்த ஒருவர் சொன்னார். சிறு குப்பியில் வந்த அந்த இனிப்பு மதுவே தொடக்கம். சில காலத்தில் திராட்சை மது போதாமல் சாராயத்துக்கு மாறினார். ஒன்பது ஆண்டுகளில் நாளொன்றுக்கு இருபது கிண்ணம், அதுவும் இருமுறை வடித்த சாராயம் என்ற நிலை வந்தது. கை நடுக்கத்தால் கிண்ணத்தைப் பிடிக்க முடியவில்லை. பிறர்தான் புகட்ட வேண்டியிருந்தது.

ஹகீம் ஹுமாம் என்ற மருத்துவர், இன்னும் ஆறு மாதம் இப்படியே போனால் மருந்தே இல்லாமல் போய்விடும் என்று எச்சரித்தார். இளவரசர் பயந்தார். ஏழு ஆண்டுகளில் படிப்படியாக ஆறு கிண்ணமாகக் குறைத்தார். ஆனால் குறைந்த மதுவின் இடத்தை அபின் பிடித்துக்கொண்டது. ஒரு போதை போய் இன்னொன்று வருவதை இன்றும் நாம் பார்க்கிறோம்.

அவருடைய தம்பிகளுக்கு அந்த அவகாசமும் கிடைக்கவில்லை. முராத் 1599இல், முப்பது வயது நிறையும் முன்பே குடியால் இறந்தார். தானியாலைக் காப்பாற்ற அக்பர் காவல் போட்டார். அப்படியும் துப்பாக்கிக் குழலுக்குள் சாராயத்தை ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். துருவும் கலந்த அதைக் குடித்து 1605இல், 32 வயதில் தானியாலும் இறந்தார். இரு பிள்ளைகளைப் பறிகொடுத்த அக்பர் அதே ஆண்டு கண்மூடினார்.

அரியணை ஏறியதும் ஜஹாங்கீர் மதுவையும் போதைப்பொருட்களையும் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று ஆணையிட்டார். அரண்மனைக்குள் அவருடைய கிண்ணம் மட்டும் நிற்கவில்லை. அதைவிட வருத்தமானது, 24 வயது வரை மதுவை நாடாதிருந்த மகன் குர்ரமை வற்புறுத்தி, தம் கையாலேயே குடிக்க வைத்ததுதான். இன்னொரு மகன் பர்வேஸ் 1626இல் குடியால் அழிந்தார்.

1618இல் அபினுக்கு அடிமையாகி எலும்பும் தோலுமாய் வந்து நின்ற இனாயத் கான் என்ற அதிகாரியைக் கண்டு ஜஹாங்கீர் அதிர்ந்தார். அந்தக் கோலத்தை ஓவியமாக வரையச் செய்தார். அந்த ஓவியம் இன்றும் இருக்கிறது. அதில் தம்மையே அவர் கண்டிருக்க வேண்டும். மூச்சிரைப்பு முற்றியபோது மனைவி நூர்ஜஹான்தான் பொறுமையாக அவருடைய கிண்ணங்களைக் குறைத்தார். ஆனால் காலம் கடந்திருந்தது. 1627இல் காஷ்மீரிலிருந்து லாகூர் திரும்பும் வழியில், 58 வயதில் இறந்தார்.

ஒரு நல்ல முடிவும் இதில் உண்டு. ஷாஜஹான் என்று நாம் அறியும் அதே குர்ரம், தக்காணப் போருக்குப் புறப்பட்டபோது மதுவைச் சம்பல் ஆற்றில் கொட்டினார். பொன், வெள்ளிக் கிண்ணங்களை உடைத்து ஏழைகளுக்குக் கொடுத்தார். தந்தை தந்த பழக்கத்தை மகன் விட முடிந்தது.

மார்க்கம் போதையை ஹராம் என்று தடுத்திருப்பதன் காரணம் இந்த ஒரு குடும்பத்திலேயே விளங்கும். செல்வமும் காவலும் சட்டமும் அங்கே குறைவில்லை. முதல் கிண்ணம் நம்பிக்கைக்குரிய ஒருவர் கையிலிருந்துதான் வந்தது. ஆகவே பிள்ளைகளின் நட்பையும், வீட்டுப் பெரியவர்களின் பழக்கத்தையும் நாம் கவனிக்க வேண்டும். யாராவது சிக்கியிருந்தால் மானம் போகும் என்று மூடி மறைக்க வேண்டாம். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மருத்துவர் துணை அவசியம். அடையாறு இந்திரா நகரில் டிடிகே மருத்துவமனை 1980 முதல் இச்சிகிச்சை அளிக்கிறது. 14446 என்ற தேசிய இலவச உதவி எண்ணும் உண்டு.

அல்லாஹ் நம் சந்ததிகளைப் பாதுகாப்பானாக.